மேஸ்திரியின் இடத்திற்கு வந்தவர்

தில்லியின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் மனிதவளம் பயிலும் மாணவர்க்குத் 'தகவல் தொடர்புத் திறன்' என்ற பெயரில் இன்று கற்பிக்கப்படுவது பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சும் மின்னஞ்சலும் நேர்காணல் முறையுமே. இத்தொழில் இந்தியாவில் உருவான வரலாற்றை நோக்கினால், அத்திறன் முதலில் வேறொன்றைக் குறித்தது என்பது புலனாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலை மேலாளரும் தொழிலாளியும் நேரில் பேசிக்கொள்வது அரிது. மேலாளர் பலர் ஆங்கிலேயர். இந்தியராயினும் தொழிலாளியின் மொழியும் சாதியும் ஊரும் அவருக்கு அயல். இருவருக்கும் இடையே நின்றவர் மேஸ்திரி. பம்பாயில் ஜாபர், கல்கத்தாவில் சர்தார், தோட்டங்களில் கங்காணி எனப் பெயர் மாறினும் வேலை ஒன்றே. ஆள் சேர்ப்பவரும் நீக்குபவரும் விடுப்புத் தருபவரும் அவரே. ஒவ்வொன்றுக்கும் கையூட்டுப் பெற்றவரும் அவரே. அவரது அதிகாரத்தின் வேர் மொழியில் இருந்தது. மேலிருந்து வரும் ஆணையும் கீழிருந்து எழும் முறையீடும் அவர் வாய்வழியே சென்றாக வேண்டும். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பது அவர் விருப்பம்.

1929இல் ஜே. எச். விட்லி தலைமையில் தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் என். எம். ஜோஷியும் உறுப்பினர்கள். தில்லியிலும் சாட்சியம் பெறப்பட்டது. (இதைப் புறக்கணிப்பதா என்ற கேள்வியும் ஒரு காரணமாகி, அவ்வாண்டு நாகபுரியில் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிளவுண்டது. எல்லாத் தொழிலாளரும் இவ்வாணையத்துடன் பேச விரும்பினர் என்று கொள்ளுதல் தவறு.) 1931இல் வெளியான அறிக்கை, ஆள் சேர்க்கும் உரிமையை மேஸ்திரியிடமிருந்து எடுத்துத் தொழிலாளர் அலுவலர் என்னும் புதியவரிடம் தர வேண்டும் என்றது. அவருக்கு வேண்டிய பண்புகளாக நேர்மை, ஆளுமை, ஊக்கம், மனிதரைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் ஆகியவற்றோடு மொழித்திறனையும் எண்ணியது. அவர் பொது மேலாளர் ஒருவருக்கன்றி வேறெவர்க்கும் கீழ்ப்பட்டவராக இருத்தலாகாது என்றும் கூறியது. இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. தொழிலாளியின் சொல்லைக் கேட்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்டதை மேலே கொண்டு செல்லும் இடத்திலும் அவர் இருந்தாக வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவின்படி, ஐந்நூறு பேருக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. அதன்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் பலவற்றில் பெரும்பான்மைத் தொழிலாளரின் மொழியறிவு தகுதியாக வைக்கப்பட்டது. நிருவாகத்தின் கொள்கைகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்குவது கடமையாயிற்று. தொழிலாளருக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கைகளை இவ்வலுவலர் கையாளக்கூடாது என்றும் சில விதிகள் தடுத்தன. தண்டிப்பவரிடம் எவரும் மனம் திறந்து பேசார் என்பதை விதி எழுதியோர் அறிந்திருந்தனர்.

இதற்குப் பின் பெயர்கள் மாறின. நல அலுவலர் பணியாளர் அலுவலரானார். எழுபதுகளின் நடுவில் லார்சன் அண்டு டூப்ரோவில் உதய் பாரீக், டி. வி. ராவ் ஆகியோர் வகுத்த அமைப்பைத் தொடர்ந்து 'மனிதவள மேம்பாடு' பரவியது. 1985இல் ஒன்றியக் கல்வி அமைச்சகமே அப்பெயரைச் சூடிக்கொண்டது! இம்மாற்றத்தில் பெற்றவை பல: பயிற்சி, மதிப்பீடு, வளர்ச்சித் திட்டம். ஆயினும் மொழி திசை மாறியது. முன்பு கீழ்நோக்கிக் கற்க வேண்டியிருந்த மொழி, மேல்நோக்கிப் பேசும் மொழியாயிற்று.

2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நல அலுவலருக்கான எண்ணிக்கை வரம்பை 250 ஆகக் குறைத்துள்ளது. ஆனால் இன்று திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மாநிலத்தவர் உழைக்கின்றனர். அங்குள்ள அலுவலருக்குத் தெரிந்தது தமிழ். மானேசரில் இந்தி தெரிந்த அலுவலர் இருப்பினும், ஒப்பந்தத் தொழிலாளி முதலில் அணுக வேண்டியவர் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர். ஆள் சேர்ப்பவர், சொல்லைக் கடத்துபவர், அதில் தம் பங்கை எடுத்துக்கொள்பவர் மூவரும் மறுபடியும் ஒருவரே ஆகியுள்ள இடங்களில், 1931இன் அறிக்கை நீக்க முயன்ற மேஸ்திரி புதிய அடையாள அட்டையுடன் நிற்கிறார்.