தனியார் கல்லூரியும் நம் பிள்ளைகளும்

உயர்கல்வியைத் தனியாரிடம் விடலாமா என்னும் வினா நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. அறக்கட்டளைச் செல்வத்தால் எழுந்த பச்சையப்பன் கல்லூரி, 1920களின் பிற்பகுதி வரை ஆதி திராவிட மாணவர்க்குத் திறக்கப்படவில்லை. ஆனால் அக்காலத்தே நம்மவர் பலருக்கு எழுத்தறிவித்த கிறித்தவத் தொண்டர் பள்ளிகளும் தனியாருடையவையே. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும் அரசு நிறுவியதன்று. ஆகவே தனியார் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பகையெனக் கொள்வதற்கில்லை. நம் சங்கமும் தனியார் முயற்சிதானே!

அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்திலேயே, 1945இல், மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியும் அக்கழகத்தால் எழுந்தன. அவர் அக்குழுவில் இருந்தபோதுதான், 1944இல், பட்டியல் வகுப்பு மாணவர்க்கான அரசு உதவித்தொகையும் பிறந்தது. சொந்தக் கல்லூரி ஒரு கை, அரசின் பொருளுதவி மறு கை என இரண்டையும் அவர் ஒருங்கே நாடினார் என்பதை இளைஞர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

1984ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் எழுந்தவை வேறு வகையின. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு இசைவு கிடைத்தது. நன்மை இல்லையென்று சொல்லோம். விரல்விட்டு எண்ணத்தக்க கல்லூரிகளே இருந்த நாட்டில் மாவட்டந்தோறும் கல்லூரி வந்தது. தொலைதூர விடுதிக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் தம் பெண்மக்களை வீட்டிலிருந்தே பேருந்தில் அனுப்பிப் பட்டதாரியாக்கினர். ஆனால் அரசு உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது; சுயநிதிக் கல்லூரியிலோ ஊதியமும் கட்டடமும் மாணவன் கட்டணத்திலிருந்தே வரவேண்டும். சாதியின் பெயரால் அடைபட்டிருந்த கதவு பணத்தின் பெயரால் மீண்டும் அடைபட்டது. நன்கொடை வாங்குவதைத் தடைசெய்து 1992இல் மாநிலச் சட்டம் வந்தது. பற்றுச்சீட்டில்லாப் பணம் அதனால் நின்றதா என்பதைப் பெற்றோரே அறிவர்.

2005இல் இனாம்தார் வழக்கில், உதவி பெறாத தனியார் கல்லூரிகளில் அரசு இடஒதுக்கீட்டைத் திணிக்க இயலாதென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டுப் போராட்டத்தின் பயன் ஒரே தீர்ப்பில் ஆட்டங்கண்டது. அவ்வாண்டே நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் 93ஆம் திருத்தத்தை நிறைவேற்றி, 15(5) என்னும் பிரிவைச் சேர்த்தது. 2006இல் தமிழகம் தன் சட்டத்தை இயற்றிற்று. 2014இல் உச்சநீதிமன்றம் அத்திருத்தம் செல்லுமென்றது. எனினும் அப்பிரிவு பேசுவது மாணவர் சேர்க்கையை மட்டுமே. அக்கல்லூரிகளின் ஆசிரியர் பணியிடங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நம் பிள்ளை அங்கே படிக்கலாம். படித்து முடித்தபின் அங்கேயே விரிவுரையாளராக உரிமை கோர இயலாது. இக்குறையை நம்மவர் போதிய அளவு பேசவில்லை என்பது எம் கருத்து.

இடம் கிடைத்தும் கட்டணத்துக்கு வழியின்றித் திரும்பியோர்க்கு 2012ஆம் ஆண்டின் 92ஆம் எண் அரசாணை கைகொடுத்தது. வருமான வரம்புக்கு உட்பட்ட ஆதி திராவிட, பழங்குடி மாணவர் சுயநிதிக் கல்லூரியில் செலுத்தவேண்டிய கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். ஆயினும் 2018இல் மைய அரசின் விதிகள் மாறியபின், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோர்க்கு உதவித்தொகை இல்லை. ஆதலின் கலந்தாய்வு முடியுமுன்னரே, முகவர் சொல் கேட்டு நிர்வாக இடத்துக்கு முன்பணம் கட்டும் பெற்றோரிடம் இதனை எடுத்துரைப்பது நம் இளைஞர் கடமை.