யார் கேட்டு வந்தது? லினக்ஸில் தொடக்கச் சேவைகளும் எஞ்சிய பொதிகளும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைச் சிதைத்துப்போட்டது. அடுத்த சில வாரங்களுக்குள் இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிந்துவைப்பது அதன் வேலை. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் தாங்கிநின்ற இந்த முயற்சிக்கு 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கியது. விருதை விட, சஹானா எதன் மேல் நின்றது என்பதே இக்கட்டுரைக்கு முக்கியம்: லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி. மின்சாரம் போய் வந்தால் இப்படிப்பட்ட கணினி ஆள் இல்லாமலே எழ வேண்டும். தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் முதலில், வலைச் சேவையகமான அப்பாச்சி பிறகு. வரிசை பிசகினால் திரையில் பிழைச் செய்திதான் மிஞ்சும்.

இந்த வரிசையை யார் வைத்திருப்பது என்பது ஒரு கேள்வி. தேவை தீர்ந்த பின்னும் வட்டில் கிடக்கும் மென்பொருட் பொதிகளை யார் அடையாளம் காண்பது என்பது இன்னொன்று. பாடநூல்கள் இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைக்கின்றன. சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ வேறெங்குமோ கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவருக்கு, இரண்டும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டிய கட்டளைகளாகவே வந்து சேர்கின்றன. என் பார்வையில் இரண்டுக்கும் வரலாறு ஒன்றுதான். ஒரு பொருள் கணினிக்குள் ஏன் இருக்கிறது என்ற காரணம், நிர்வாகியின் தலையிலிருந்து மெல்ல மெல்லப் பதிவேட்டுக்கு இறங்கிய கதை அது.

1970களின் யுனிக்ஸில் காரணம் எழுதப்படவே இல்லை. இயங்குதளத்தின் கரு எழுந்ததும் இனிட் என்ற முதற் செயன்முறையைத் தொடக்கும். அது ஆர்சி என்ற ஒரே கட்டளைக் கோப்பை மேலிருந்து கீழாக ஓட்டும். 1983இல் வெளிவந்த சிஸ்டம் ஃபைவ் வழிமரபு இதை ஓட்ட நிலைகளாகப் பிரித்தது. லினக்ஸுக்காக அந்த மரபை மீள எழுதியவர் மிகேல் வான் ஸ்மூரன்பர்க். அந்த முறையில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கட்டளைக் கோப்பு, அதைச் சுட்டும் இணைப்பு, இணைப்பின் பெயரில் ஓர் எண். டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பின் வழிவந்த பலவற்றில் மைஎஸ்கியூஎல் 19, அப்பாச்சி 91. எண் எதுவும் குறிப்பிடாத சேவைக்கு 20 கிடைத்தது. ஆகவே ஏராளமானவை 20இலேயே குவிந்து, அகர வரிசையில் ஓடின.

எங்கள் பக்கத்து வயற்காரருக்கு இது எளிதில் விளங்கும். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று வட்டைவிதானை முறை வைப்பார். முறை எண்ணை மட்டும் ஊரில் சொல்லி, காரணத்தைத் தன் மனதிலேயே வைத்துக்கொண்டார் என்றால், அவர் மாறும் போகத்தில் சச்சரவு நிச்சயம். 19 என்ற எண்ணுக்குள் ‘வலைச் சேவையகம் என்னை நம்பியிருக்கிறது’ என்ற செய்தி இல்லை.

ஒரு சேவையை நிறுத்திவைப்பதிலும் இதே மறதிதான். டெபியனில் அப்டேட்-ஆர்சி-டி கட்டளையால் எல்லா இணைப்புகளையும் அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தவர், பொதி மேம்படுத்தப்பட்டதும் அதே சேவை மறுபடி எழுவதைக் கண்டார். ஒரு இணைப்பாவது மிஞ்சியிருந்தால் அது நிர்வாகியின் விருப்பம் என்று கருவி மதிக்கும். ஒன்றுமே இல்லையென்றால் புதிய நிறுவல் என்று எண்ணிக்கொள்ளும். இணைப்புகளை அழிப்பது அங்கே ‘வேண்டாம்’ என்று பதிவாகவில்லை.

பொதிகளின் பக்கம் போவோம். டெபியனை இயன் மர்டொக் 1993 ஓகஸ்டில் அறிவித்தார். அதன் டிபிகேஜி கருவி, ஒவ்வொரு பொதிக்கும் நிர்வாகி விரும்பிய நிலை, இப்போதுள்ள நிலை என இரண்டைக் குறித்துவைத்தது. 1999 மார்ச்சில் டெபியன் 2.1உடன் ஆப்ட் வந்து, சார்புப் பொதிகளைத் தானே தேடிக் கொண்டுவந்தது. ஒன்றைக் கேட்டால் பத்து வரும். விருந்தாளி போன பின்னும் கூட வந்தவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். யார் அழைத்து வந்தார்கள் என்ற குறிப்பு ஆப்ட்-கெட்டிடம் இல்லை. டெபோர்ஃபன் என்ற கருவி, எதுவும் சார்ந்திராத நிரலகங்களைத் தேடி அனாதைகளாகக் காட்டியது. கெட்டிக்காரத்தனமான ஊகம், ஆனால் ஊகம்தான்: நிர்வாகி தானே தொகுத்த மென்பொருளுக்காக வேண்டுமென்றே வைத்திருந்த நிரலகமும் அதன் பட்டியலில் விழும். ஆப்டிடியூட் என்ற இன்னொரு கருவி வேறு வழியில் போய், தானாக வந்தது, கேட்டு வந்தது என்ற அடையாளத்தை நிறுவும்போதே இட்டது. அதே அடையாளம் ஆப்டுக்குள்ளும் சேர்ந்து, 2009 பெப்ரவரியில் வெளியான டெபியன் 5.0இல் ஆட்டோரிமூவ் கட்டளையாக எல்லோர் கைக்கும் வந்தது.

பதிவேடு வந்ததால் எல்லாம் சரியாகிவிடவில்லை. நோம் மேசைத்தளத்தை ஒரு தொகுப்புப் பொதி மூலம் நிறுவியவர், பிடிக்காத ஒரு சிறு செயலியை நீக்குகிறார். அதைச் சார்ந்த தொகுப்புப் பொதியும் கூடவே போய்விடும். உடனே மேசைத்தளத்தின் பெரும்பகுதி ‘யாரும் கேட்காதது’ ஆகி, ஆட்டோரிமூவ் பட்டியல் திரையை நிரப்பக்கூடும். பட்டியலை வாசிக்காமல் சம்மதம் சொன்னவர் அடுத்த தொடக்கத்தில் கறுப்புத் திரையைப் பார்ப்பார். கருவியின் தருக்கத்தில் பிழை இல்லை. மனிதன் கேட்டது தொகுப்பின் பெயரைத்தான் என்று அது சரியாகவே எழுதிவைத்திருந்தது. ஆப்ட்-மார்க் மூலம் வேண்டியவற்றைக் கைப்பட நிறுவியதாகக் குறிப்பதே மருந்து.

இரண்டு வரலாறுகளும் முட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு; ஆய்வாளர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. டெபியனில் பொதியை நீக்குவது வேறு, துடைத்தெறிவது வேறு. நீக்கினால் அமைவுக் கோப்புகள் தங்கும். டிபிகேஜி பட்டியலில் அந்தப் பொதி ‘ஆர்சி’ (நீக்கப்பட்டது, அமைவு எஞ்சியது) என்ற குறியோடு நிற்கும். பழைய இனிட் கட்டளைக் கோப்புகளும் அமைவுக் கோப்புகளாகவே கருதப்பட்டன. ஆக நிரல் போய்விடும், அதைத் தொடக்கும் கட்டளைக் கோப்பு மட்டும் ஈடிசி கோப்புறையில் கிடக்கும், ஒவ்வொரு முறை கணினி எழும்போதும் அழைக்கப்படும். இதனால்தான் அந்தக் கட்டளைக் கோப்புகளின் முதல் வரிகளில் ‘நிரல் இருக்கிறதா, இல்லையென்றால் சத்தமின்றி வெளியேறு’ என்ற சோதனை எழுதப்பட்டது. எஞ்சிய பொதியே இங்கே தொடக்கச் சேவையின் ஆவியாக உலாவியது.

விடை துண்டு துண்டாக வந்தது. 2006 ஒக்டோபரில் உபுண்டு 6.10உடன் வந்த அப்ஸ்டார்ட், எண்களுக்குப் பதில் நிகழ்வுகளை வைத்தது. 2011 பெப்ரவரியில் டெபியன் 6.0, கட்டளைக் கோப்பின் தலைப்பில் எழுதிய சார்புகளைக் கொண்டு வரிசையைத் தானே கணித்தது. 2010 ஏப்ரலில் லெனார்ட் பொயட்டரிங் அறிவித்த சிஸ்டம்டி, 2011 மேயில் ஃபெடோரா 15இன் இயல்பு முறையானது. டெபியனில் சண்டை நீண்டது: 2014 பெப்ரவரியில் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிளந்து, தலைவர் பிடேல் கார்பியின் முடிவு வாக்கால் சிஸ்டம்டி வென்றது. அதிருப்தியாளர் டெவுவான் என்ற தனிப் பதிப்பைப் பிரித்தெடுத்தனர். ஒரே மென்பொருள் இத்தனை வேலைகளை விழுங்குவது குறித்த அவர்களின் அச்சம் வெறும் பழமைவாதம் அன்று. ஆனாலும் காரணத்தை எழுதிவைக்கும் விடயத்தில் சிஸ்டம்டி முந்தியவற்றை விடத் தெளிவானது என்பதை மறுக்க முடியாது. ஒரு சேவைக்கு எது வேண்டும், எதற்குப் பின் எழ வேண்டும் என்பவை அதன் அலகுக் கோப்பில் தனித்தனி வரிகள். ‘வேண்டாம்’ என்பதற்கும் மாஸ்க் என்ற பதிவு கிடைத்தது. பொதியோடு வரும் அலகுக் கோப்பு பொதியோடே போய்விடும். நிர்வாகியின் மாற்றம் மட்டும் ஈடிசியில் தனியாக நிற்கும்.

சிஸ்டம்டியின் கட்டளைப் பெயர் ஒன்றில் ஒரு குறும்பும் உண்டு. தொடக்கத்தில் யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று காட்டும் கட்டளைக்கு ‘பிளேம்’, அதாவது பழி, என்று பெயர் வைத்தார்கள். பட்டியலின் உச்சியில் நிற்கும் சேவை பல வேளைகளில் வேறொன்றுக்காகக் காத்திருந்த அப்பாவி. ‘கிரிட்டிக்கல்-செயின்’ கட்டளையையும் பார்க்காமல் அதை முடக்குவது அநியாயம்.

2013இல் கொள்கலன் கருவியான டோக்கர் வந்தபின் காட்சி மறுபடி மாறியது. கொள்கலனுக்குள் பெரும்பாலும் செயலிதான் முதற் செயன்முறை. இனிட் இல்லை, சேவைப் பட்டியலும் இல்லை. மிச்சங்கள் மட்டும் புது உருவில் திரும்பின: பெயர் இழந்த படிமங்களும் நின்றுபோன கொள்கலன்களும் வட்டை நிறைத்தன. அவற்றை ஒருங்கே துடைக்கும் ‘சிஸ்டம் புரூன்’ கட்டளை 2017 ஜனவரியில் 1.13ஆம் பதிப்போடு வந்தது. டெபியன் பிறந்து ஆட்டோரிமூவ் அதன் நிலையான வெளியீட்டை அடைய ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள், டோக்கருக்கு நான்கு.