வழிநடையில் வாழும் பாட்டு: சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிவகிரியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல நிலத்தின் நிறம் மாறும். வயலும் தோப்பும் குறைந்து கரிசல் விரியும். கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில், கழுகுமலை என அவ்வழியில் நிற்கும் ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு கோயிலைச் சார்ந்து வளர்ந்தவை. சிவகிரி, சேற்றூர், ஊற்றுமலை, எட்டயபுரம் எனச் சமீன்கள் நெருங்கி அமைந்த பகுதியும் இதுவே. நெடுங்காலம் திருநெல்வேலிச் சீமை என்றே வழங்கிய இப்பகுதியின் மேற்கூறு, 2019 முதல் தென்காசி மாவட்டமாயிற்று. பெயர்களும் எல்லைகளும் மாறினும், இம்மண்ணில் பிறந்த ஒரு மெட்டு மட்டும் மாறாமல் தமிழ்நாடெங்கும் ஒலிக்கின்றது. அதுவே காவடிச்சிந்து. அதற்கு இலக்கியத் தகுதி தேடித் தந்தவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார்.

கரிவலம்வந்தநல்லூரை அடுத்த சென்னிகுளத்தில் 1865-ஆம் ஆண்டு, உழவுத் தொழிலைச் சார்ந்த குடும்பத்தில் அவர் தோன்றினார். தந்தையார் சென்னவ ரெட்டியார். தாயார் ஓவு அம்மாள். திண்ணைப் பள்ளிக் கல்விக்குப்பின் அவருக்குத் தமிழ் பயிற்றியவர் சிவகிரி முத்துசாமிப் பிள்ளை. பின்னாளில் தமிழகம் முழுதும் பாடப்பெற்ற ஒரு குரலுக்கு முதற்பயிற்சி அளித்த பெருமை இவ்வகையில் சிவகிரிக்கு உரியதாகின்றது. அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடமும் உ.வே. சாமிநாதையரிடமும் அவர் பாடங்கேட்டார். பதினெட்டு வயதளவில் ஊற்றுமலைச் சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைக்களப் புலவரானார். 1891-இல், இருபத்தாறாம் வயதில் மறைந்தார். அவருடைய புலமை வாழ்வு பத்தாண்டுகளைக்கூட எட்டவில்லை எனலாம்.

அக்குறுகிய காலத்தில் அவர் இயற்றிய நூல்கள் இருவகைப்பட்டன. வீரைத் தலபுராணம், வீரை நவநீத கிருஷ்ணசாமி பதிகம், சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை, கோமதி அந்தாதி ஆகியவை முதல்வகை. வீரை என்பது ஊற்றுமலைச் சமீன்தார்களின் இருப்பிடமான வீரகேரளம்புதூர். கருவை என்பது கரிவலம்வந்தநல்லூர். திரிபந்தாதி பாடுவது எளிய செயலன்று. ஒவ்வோர் அடியிலும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அடுத்து வரும் எழுத்துகள் ஒன்றாகவே நின்று வெவ்வேறு பொருள் தரவேண்டும். ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாகவும் வரவேண்டும். இளம்புலவர் ஒருவர் அவையேறுவதற்கு அக்காலத்தில் இத்தகைய திறமே சான்றாகக் கொள்ளப்பட்டது. அச்சான்றினை அவர் குறைவின்றிக் காட்டினார்.

இரண்டாம் வகையில் அடங்குவது ஒரே நூல். கழுகுமலை முருகன்மீது பாடிய காவடிச்சிந்து அது. மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடைக் களைப்புத் தோன்றாதிருக்க உடன்சென்ற புலவர் பாடியவை இப்பாடல்கள் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. காவடியும் வழிநடைச் சிந்தும் அவருக்கு முன்னரே மக்களிடம் இருந்தவை. தோளில் சுமையும் காலில் வெயிலுமாக நடந்த பெயர் அறியாத எத்தனையோ அடியார்கள் அம்மெட்டை உருவாக்கியிருத்தல் வேண்டும். ரெட்டியார் அதனைப் படைத்தார் என்பதைவிட, தெருவில் கண்டெடுத்து, தாம் கற்ற இலக்கணம் முழுவதையும் அதனுள் இறக்கினார் என்பதே பொருந்தும். கோயில் வளமும் நகர் வளமும் வாவி வளமும் பாடும் புராண மரபு அதில் உண்டு. முருகனை நினைந்து உருகும் தலைவியும் அவளுக்கு உற்ற தோழியுமாக அகத்துறை மரபும் உண்டு. ஆயினும் எல்லாம் நடையின் தாளத்துக்கு அடங்கியே வருகின்றன. திரிபிலும் மடக்கிலும் பெற்ற பயிற்சியே இங்கு இயைபாகவும் முடுகாகவும் வெளிப்படுகின்றது. அந்தாதியில் கற்றோரை வியக்கவைத்த அதே கருவி, சிந்தில் கல்லாதாரையும் ஆடவைத்தது.

இத்தகைய நிகழ்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின உழைப்பாளரின் வயற்பாடல்களிலிருந்தும் வழிபாட்டுப் பாடல்களிலிருந்தும் கிளைத்தது ‘புளூஸ்’ என்னும் இசைவகை. ஊர்ஊராகத் திரிந்து தம் பாடல்களைத் தாமே பாடிய இராபர்ட் ஜான்சன் 1938-இல் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். 1936, 1937 ஆகிய ஈராண்டுகளில் பதிவான இருபத்தொன்பது பாடல்களே அவர் விட்டுச்சென்ற செல்வம். அந்நாட்டுப் புறத்தாரின் ‘கன்ட்ரி’ இசைக்கு முன்னோடியான ஜிம்மி ராஜர்ஸ் இருப்புப்பாதைத் தொழிலாளியாக இருந்தவர். 1927-இல் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடிய அவர் 1933-இல் காசநோயால் முப்பத்தைந்தாம் வயதில் இறந்தார். பெயரற்ற மக்களின் மெட்டைத் தம் பெயரால் நிலைநிறுத்தியதிலும், குறைந்த ஆயுளில் நீண்ட வாழ்வு பெற்றதிலும் இவ்விருவரும் சென்னிகுளத்தாருக்கு உறவினர்.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு; கவிஞர்கள் கருதத்தக்கது அவ்வேறுபாடே. அவ்விருவர் குரலையும் இசைத்தட்டு காத்தது. இந்தியாவில் இசைத்தட்டுக்கான முதற்பதிவு நிகழ்ந்ததோ 1902-இல். அண்ணாமலை ரெட்டியார் மறைந்து பதினோராண்டுகள் கழிந்தபின். அவர் குரல் எத்தகையது என்பதை இனி எவரும் கேட்டறிய இயலாது. எனினும் அவர் பாடலை இன்று ஒருவர் வாய்விட்டுப் படித்தால், சில அடிகளுக்குள் படிப்பு பாட்டாகிவிடுகின்றது. மெட்டு சொல்லுக்கு வெளியே இல்லை. சொல்லின் அடுக்கிலேயே பதிந்திருக்கின்றது. நெடிலும் குறிலும் நிற்குமிடம், இயைபு வந்து விழுமிடம், மூச்சு வாங்குமிடம் யாவும் தாளத்தைக் காட்டிக் கொடுக்கின்றன. யாப்பே அவருக்கு இசைத்தட்டாயிற்று.

இதன் அருமையை உணரப் பரிபாடலை நினைத்தல் வேண்டும். திருப்பரங்குன்றத்து முருகனைப் பாடும் அப்பழைய இசைநூலில், பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. எழுபது எனப்பட்ட பாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்தன. அவற்றை 1918-இல் பதிப்பித்தவர் ரெட்டியாரின் ஆசிரியருள் ஒருவரான சாமிநாதையரே. பண்ணின் பெயர் எஞ்சியது. பாடும் முறை எஞ்சவில்லை. ஏட்டில் எழுதிவைத்தும் இழந்தது ஓர் இசை. ஏட்டை நம்பாமல் மக்களின் கால்களை நம்பிப் பிழைத்தது மற்றோர் இசை.

ஏடுகளின் நிலையாமைக்குச் சான்று சென்னிகுளத்தின் அண்மையிலேயே உண்டு. வரகுணபாண்டியர்க்கு உரியனவாய்க் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகளைத் தேடிச் சென்ற சாமிநாதையர், பழுதுற்ற ஏடுகளைத் தீயிலிட்டு ஆகுதி செய்துவிட்டதாகக் கேட்டு நெஞ்சம் துடித்ததை ‘என் சரித்திர’த்தில் பதிந்துள்ளார். அவ்வூருக்கு அருகில் பிறந்த ஒருவரின் பாடலோ, ஏடும் அச்சும் காணாத வாய்களில்கூடப் பிழையின்றி வழங்கியது.

அண்ணாமலை ரெட்டியாரைத் தன்னுரிமை பெற்ற பாடகர் எனல் தகுமா என்னும் வினா எழலாம். அவர் சமீனின் சோறுண்டவர், புரவலரைப் பாடியவர். அதனை மறைக்க வேண்டுவதில்லை. அந்நாளில் புலவர்க்கு வேறு பிழைப்பும் அரிது. ஆனால் வழிநடையில் பாடிய பாட்டுக்கு அவையின் காவல் தேவைப்படவில்லை. பாடல்களில் தம் பெயரையும் ஊரையும் முத்திரையாகப் பதித்த அவர், அரண்மனையிலிருந்து அவற்றைத் தெருவில் இறக்கிவிட்டார். சமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது; அவைக்களங்கள் மறைந்தன; சிந்து மறையவில்லை. திரிபந்தாதி புலவர் கையிலேயே தங்க, காவடிச்சிந்து திருவிழாக்களிலும் கருநாடக இசைக் கச்சேரிகளின் நிறைவுப் பகுதியிலும் இன்றும் ஒலிக்கின்றது. செஞ்சுருட்டி என்றவுடன் பலர் செவியில் எழுவது அம்மெட்டே.

அவர் மறைந்தபோது, கழுகுமலைக்கு அணித்தான எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி சிறுவர். 1912-இல் அவர் ‘பாஞ்சாலி சபத’த்தின் பெரும்பகுதியை நொண்டிச் சிந்தில் பாடினார். எளிய சொல்லையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டையும் கொண்டு காவியம் செய்வோர் தமிழுக்குப் புத்துயிர் தருவர் என்று முன்னுரையில் கூறினார். தெருப்பாட்டெனப் பண்டிதர் ஒதுக்கிய சிந்து, அவ்வாறு காவியத்தின் வாகனமாயிற்று. பின்னர்ப் புதுவை இரா. திருமுருகன் ‘சிந்துப் பாவியல்’ இயற்றி அதற்கு முறையான இலக்கணமும் வகுத்தார். இலக்கியம் முன்னே நடக்க, இலக்கணம் பின்னே வந்தது.

கவிதை கண்ணால் படிக்கப்படுவதாகவே சுருங்கிவரும் காலம் இது. சந்தத்தைத் துறப்பதே புதுமை என்பாரும் உளர். சந்தம் இருந்தாற் போதும் என்பாரும் உளர். சென்னிகுளத்தார் வாழ்வு இருசாராருக்கும் விடை கூறுகின்றது. கற்க வேண்டிய அனைத்தையும் அவர் கற்றார். கற்றதைச் சுமையாக்காமல், சுமப்பவனுக்குத் துணையாக்கினார். கழுகுமலைச் சாலையில் காவடி ஏந்தி நடப்பவர் பலர்க்கு அவர் பெயர் தெரியாது. தெரியாவிடினும், அவர்தம் அடுத்த அடியை எடுத்துவைக்கச் செய்வது அவர் பாட்டே.