ஊரிலேயே இருந்துவிட்ட அத்தைமார்

நோய்க்குறியியல் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம் 1967இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கினார். தீவில் யாருக்குப் புற்று வந்தாலும் உறுப்பு, வயது, இனம் எல்லாம் ஏட்டில் ஏறின. அந்த ஏட்டின் மதிப்பு பெரிது. ஆனால் தீவில் வாழ்ந்தவர்களை மட்டுமே அது எண்ண முடியும். மரபுவழிச் சினைப்பைப் புற்று என்று ஐயம் எழுந்தால் மருத்துவர் முதலில் கேட்பது குடும்ப வரலாறு. சிங்கப்பூர்த் தமிழர் பலருக்கு அதில் பாதி கடலுக்கு அப்பால் கிடக்கிறது. ஆகவே, ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்ற பதிலை நாம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

சிராங்கூன் சாலையின் பழைய வரலாறு பெரும்பாலும் ஆண்களின் வரலாறு. சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர் அழைத்த அந்தப் பகுதியில் காளவாய்க்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் ஆண்கள் வந்தார்கள். தாயும் தங்கையும் ஊரில் இருந்தார்கள். 1957 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்திய ஆண்கள் பெண்களைப்போல் இருமடங்குக்கும் அதிகம். மரபுவழிச் சினைப்பைப் புற்றுக்கு வழிவகுக்கும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுப் பிறழ்வுகள் தகப்பன் வழியாகவும் மகளுக்கு வரும், வாய்ப்பு சரிபாதி. பிறழ்வைச் சுமந்தவர் நோயில்லாமல் இங்கே முதுமை அடைந்திருக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்த அவருடைய அக்காளுக்கு நோய் கண்டிருக்கலாம். வயிறு வீங்கி, சோறு இறங்காமல் அந்த அக்காள் போய்ச் சேர்ந்தபோது மகோதரம் என்று சொல்லி முடித்திருப்பார்கள். சென்னைக்கே மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில்தான் வந்தது. கிராமத்து மரணத்தை யார் எழுதிவைத்தார்கள்? இங்கேயும் குடும்பங்கள் சுருங்கின. தேக்காவுக்கு அருகே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966இல் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. ஆனால் 1972இல் ‘இரண்டு போதும்’ என்ற குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் வந்தது. ஒரே மகள் உள்ள வீட்டில் பரம்பரை நோயின் தடம் எப்படித் தெரியும்?

தெரிந்துதான் என்ன பயன், பெண்ணின் கல்யாணப் பேச்சு கெட்டுப்போகாதா என்பார்கள். அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 பிறழ்வு உள்ளவர்களில் 100க்குச் சுமார் 44, பிஆர்சிஏ2 என்றால் 17. பொதுவாகப் பெண்களுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் மரணத்தைக் குறைக்கவில்லை என்று 2,00,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 2021இல் காட்டியது. பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் அகற்றினால் ஆபத்து சுமார் 80 விழுக்காடு குறைகிறது. அதற்கு விலை உண்டு, மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிடும். முடிவு அந்தப் பெண்ணுடையது. காப்புறுதி கிடைக்காதோ என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு: காப்புறுதி நிறுவனங்கள் முன்கணிப்பு மரபணுச் சோதனை முடிவுகளைக் கேட்பதற்கு 2021 அக்டோபர் முதல் சிங்கப்பூரில் கட்டுப்பாடு இருக்கிறது. பெரிய தொகைகளுக்கு மட்டும் சில விலக்குகள். இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. ஒப்பிடும் தரவு பெரும்பாலும் ஐரோப்பியருடையது, நம் பெண்களுக்குப் பொருள் தெளியாத முடிவு வரக்கூடும். உண்மைதான். 2019இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வின் 4,810 மரபணுத் தொகுதிகளில் இந்தியருடையவை 1,127. தெளியாத முடிவை மட்டும் நம்பி அறுவை செய்வதில்லை. நம்மவர் கூடுதலாகச் சோதித்துக்கொண்டால்தான் தெளிவும் பிறக்கும்.

சினைப்பைப் புற்று வந்த பெண், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லையென்றாலும், மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது அப்பாவின் அக்கா தங்கைகள் எந்த வயதில், என்ன உபாதையில் இறந்தார்கள் என்று விசாரித்து எழுதிவையுங்கள். அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.