நெடுந்தீவும் அயல் தீவுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும், பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த கடலிலே, தீவுகள் பல சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் என்பன தாம்போதிகளாற் குடாநாட்டுடன் பிணைக்கப்பட்டுவிட்டன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கும் இன்றும் கடலையே வேலியாகக் கொண்டவை. இந்நான்கினுள்ளும் கரையிலிருந்து மிகத் தொலைவில் உள்ளதும், பரப்பிற் பெரியதும் நெடுந்தீவே. அதன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். அங்கு வாழும் மக்களோ சில ஆயிரம் பேர் மாத்திரமே.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்படுவோர், இருபுறமும் கடல்நீர் பளபளக்க வேலணையை அடைந்து, வாணர் பாலத்தைக் கடந்து, புங்குடுதீவின் மேற்குக் கோடியிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை அடைகின்றனர். தரைவழி அங்கே முடிந்துவிடுகின்றது. அதற்கு அப்பால் வள்ளமும் இயந்திரப் படகுமே துணை. நயினாதீவுக்குச் சிறிது நேரம் போதும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் நெடும் பொழுதாகத் தோன்றுவதும் உண்டு.

நயினாதீவுப் படகில் ஏறுவோரை நோக்கினால், இவ்விலங்கை நாட்டின் பல திசையினரையும் ஒருங்கே காணலாம். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் சைவ அடியார் ஒருபுறம் அமர்ந்திருப்பர். நாகதீப விகாரையை வழிபட வெள்ளாடை உடுத்து வந்த பௌத்த யாத்திரிகர் மறுபுறம் அமர்ந்திருப்பர். இரு சாராரையும் ஒரே படகு சுமந்து செல்கின்றது. மணி பதித்த ஓர் ஆசனத்தின் பொருட்டு நாக மன்னர் இருவர் போரிட முனைந்தனர் என்றும், புத்தபிரான் தோன்றி அவர்களை இணக்கினார் என்றும் மகாவம்சம் கூறும். இதையொத்த கதையை மணிமேகலைக் காப்பியமும் மணிபல்லவம் என்னும் தீவின்மேல் ஏற்றிச் சொல்கின்றது. அந்த மணிபல்லவம் நயினாதீவே எனக் கொள்ளும் அறிஞரும் உளர். பாளி நூலொன்றும் தமிழ்க் காப்பியமொன்றும் ஒரு போர் மூளாது நின்ற வரலாற்றைப் பாடுவதில் ஒன்றுபட்டு நிற்பது எண்ணத்தக்கது.

இது பழங்கதை. இனி, கல்லிற் பொறித்த வரலாற்றைக் காண்போம். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலே சிதைந்த கல்வெட்டு ஒன்று உண்டு. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணையைத் தாங்கியது அது. மன்னன் சிங்கள நாட்டினன். ஆணையின் மொழியோ தமிழ். கரையோரத்து வணிகரும் துறை அதிகாரிகளும் படித்தறிய வேண்டியது எதுவோ, அது அவர்கள் அறிந்த மொழியிலேயே எழுதப்பட்டது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டிற் கட்டுரையாக வெளியிட்டார்.

அவ்வாணை கூறுவது இது: பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் அயலார் அங்கே வந்து கூட வேண்டும். யானைகளையும் குதிரைகளையும் மன்னன் விரும்புவதால், அவற்றை ஏற்றி வரும் மரக்கலம் உடைந்து போகுமாயின், நாலில் ஒரு பங்கைத் திறைசேரி எடுத்துக்கொண்டு மூன்று பங்கை உடையவனுக்கு விட்டுவிட வேண்டும். ஏனைய வணிகப் பண்டங்களை ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால், சரிபாதி திறைசேரிக்கு, சரிபாதி உடையவனுக்கு. சந்திர சூரியர் உள்ளவரை இது நிலைபெற வேண்டும் எனக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்தான்.

இவ்வாணையின் அருமை எளிதிற் புலப்படாது. உடைந்த கலத்தின் பொருள் ஒதுங்கிய கரைக்கே உரியது என்னும் வழக்கு உலகின் பல கரைகளில் நிலவியது. கலம் இழந்து, துணை இழந்து, மொழி அறியாத கரையில் ஒதுங்கிய ஒருவனிடம் எஞ்சியதையும் பறிப்பது அங்கெல்லாம் குற்றமாகக் கருதப்படவில்லை. இங்கோ, அவனுக்கும் ஒரு பங்கு உண்டென்று அரசன் கல்லில் எழுதினான். மன்னனுக்குக் குதிரை வேண்டியிருந்தது, வணிகம் வேண்டியிருந்தது, ஆதலின் இது வெறும் இரக்கத்தாற் பிறந்த ஆணையென்று சொல்லிவிட முடியாது. ஆயினும் தன்னலத்துக்காகவேனும் அயலானுக்கு நீதி செய்யக் கற்ற அரசு நாகரிகம் உடைய அரசே.

கல்வெட்டிற் குறிக்கப்பட்ட குதிரைகளை நினைந்துகொண்டே நெடுந்தீவிற் கால் வைப்போர்க்கு, அங்கே உயிருள்ள குதிரைகளே காட்சி தரும். உருவிற் சிறிய மட்டக்குதிரைகள் அவை. வெட்டவெளியான புற்றரையிற் கூட்டங் கூட்டமாக மேய்ந்து திரிகின்றன. ஆயினும் இவை பராக்கிரமபாகு காலத்துக் குதிரைகளின் வழிவந்தன அல்ல. போர்த்துக்கேயர் கொண்டுவந்து விட்டனர் என்பது வழிவழிச் செய்தி. ஒல்லாந்தர் இத்தீவிற் குதிரைகளை வளர்த்தமைக்கு இடிந்து கிடக்கும் குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் சான்று பகரும். வளர்த்தவர் அகன்றனர், குதிரைகள் தங்கிவிட்டன. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

தீவின் பெயர்களும் வந்து போனவர்களின் கதையையே கூறுகின்றன. பசுத்தீவு என்னும் பழம் பெயர் ஒன்று நெடுந்தீவுக்கு உண்டு. போர்த்துக்கேயரும் தம் மொழியில் அதனைப் பசுக்களின் தீவு என்றே வழங்கினர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடல்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டர்டாம் என்றெல்லாம் படங்களில் எழுதப்பட்டன. அப்பெயர்கள் படங்களோடு நின்றுவிட்டன. டெல்வ்ற் என்னும் பெயர் மாத்திரம் ஆங்கில வழக்கில் இன்றளவும் நெடுந்தீவுக்கு நிலைத்திருக்கின்றது. தமிழ் மக்களின் நாவில் அது என்றும் நெடுந்தீவே.

தீவின் மேற்பரப்பு பெரும்பாலும் முருகைக்கல். உழுவதற்கு மண் குறைவு; அடுக்குவதற்குக் கல் மிகுதி. ஆதலின் வளவுகளைச் சுற்றி, சாந்து எதுவுமின்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கிய வேலிகளையே எங்கும் காணலாம். பனை உணவு தருகின்றது; கூரை தருகின்றது. தண்ணீரே அரும்பொருள். சாராப்பிட்டியில் உள்ளன போன்ற நன்னீர்க் கிணறுகள் சிலவே மனிதரையும் கால்நடையையும் காத்து வந்துள்ளன. கோடை நீளும் ஆண்டுகளில் குதிரைகள் நீரின்றி மடிவதும் உண்டு. தீவு அமைதியானது என்று ஒரு பகற்பொழுது வந்து செல்வோர் புகழ்வர். அந்த அமைதிக்குள்ளே குடம் சுமக்கும் உழைப்பும், படகுக்காகக் காத்திருக்கும் நோயாளியின் கவலையும் அடங்கியிருப்பதை அங்கு வாழ்வோரே அறிவர்.

ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் ஒன்று, உள்ளே குடைந்த பருத்த அடியுடன் இங்கே நிற்கின்றது. அராபிய வணிகர் கொண்டுவந்தது என்பர். கடலோரத்திற் போர்த்துக்கேயர் காலத்ததெனக் கருதப்படும் கோட்டை இடிந்து கிடக்கின்றது. வெடியரசன் கோட்டை என மக்கள் கூறும் இடத்திற் பழைய பௌத்த தூபிகளின் எச்சங்கள் உள்ளன. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு வெடியரசன் பொருதான் என்பது நாட்டுக் கதை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் நோலன் என்னும் படை அதிகாரி இத்தீவைத் தனியொருவராய் நிருவகித்தார். இவ்வாறு வந்தவர் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை விட்டுச் சென்றனர். தீவு எவரையும் முற்றாக ஒதுக்கியதில்லை.

எனினும் இக்கடல் கொடுமையையும் கண்டது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினி என்னும் படகிலே, பெண்களும் சிறுவரும் உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் கடல் நடுவிற் கொல்லப்பட்டனர். அவர்கள் அயலாரும் அல்லர்; பகைவரும் அல்லர்; தம் கடலிலே தம் படகிலே அன்றாட அலுவலுக்காகச் சென்ற குடிமக்கள். கடலில் வருவோரைக் காக்க வேண்டும் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் கல்லில் எழுதிய அதே கடற்பரப்பில் இது நிகழ்ந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் நெடுந்தீவு மக்கள் மாண்டோரை நினைந்து விளக்கேற்றுகின்றனர். நாட்டின் வரலாற்றைப் படிப்போர் அக்கல்லைப் படித்தால் மட்டும் போதாது. இந்த விளக்கையும் அறிய வேண்டும்.

1985இன் பின்னரும் போர் நீண்டு, 2009இல் ஓய்ந்தது. நயினாதீவுப் படகிலே இன்று மீண்டும் தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் யாத்திரிகர் நெருங்கி அமர்ந்து செல்கின்றனர். நெடுந்தீவுக்கு அப்பால், குடியிருப்பாரும் குடிநீரும் இல்லாத கச்சதீவிலே, அந்தோனியார் திருவிழாவின்போது இலங்கைக் கரையினரும் இந்தியக் கரையினரும் ஒன்றாய் முழந்தாளிட்டு வழிபடும் வழக்கமும் உண்டு. 1974இல் இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை, அச்சிறு தீவு இலங்கைக்குரியதென ஏற்ற வேளையிலும் அந்த யாத்திரைக்கு இடம் விட்டது.

மாலைப் படகிலே திரும்புவோர் கண்ணிலிருந்து நெடுந்தீவு விரைவில் மறைந்துவிடும். தாழ்ந்த நிலமாதலின் முதலிற் கரை மறையும். பின்னர் கல்வேலிகள் மறையும். பனைகளின் முடிகள் மாத்திரம் சிறிது நேரம் நீரின்மேல் நிற்பன போலத் தோன்றும். அங்கு வாழ்வோர்க்கோ மறுநாட் காலையும் அதே கடலே பாதை. அப்பாதையில் அஞ்சாது செல்லலாம் என்னும் உறுதியே அவர்கள் நாட்டிடம் வேண்டுவது. நயினாதீவுக் கல் அவ்வுறுதியை அயலாருக்கு அளித்தது. அதனைத் தன் குடிமக்களுக்கு அளிப்பது எந்த நாட்டுக்கும் முதற்கடன் ஆகும்.