செற்றம் அறுக்கும் பயிற்சி: மணிமேகலையில் மைத்திரி, கருணை, முதிதை

முன்னுரை

மணிமேகலையைப் பாடமாக நடத்தும்போது அதன் இறுதிக் காதைகளை விரைந்து கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. 29ஆம் காதை அளவை நூற் செய்திகளையும் 30ஆம் காதை பன்னிரு சார்புகளையும் அடுக்கிச் சொல்கின்றன. கதை நின்றுவிட்டது, இனி வருவது சமயக் கோட்பாட்டுப் பட்டியலே என்று மாணவர் எண்ணுகின்றனர். அப்பட்டியலின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது மனத்தில் நற்பண்புகளை வளர்க்கும் பௌத்தத் தியான முறையின் சுருக்கம் என்பதையும், காப்பியக் கதையே அதற்கு விளக்கமாக அமைந்துள்ளது என்பதையும் நிறுவ இக்கட்டுரை முயல்கின்றது.

மும்மருந்து

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அறவுரையின் இறுதிப் பகுதியில், குற்றங்களுக்குக் காரணமாகக் காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்றும் சுட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்று உண்டு. பற்றை அறுப்பதற்கு அனித்தம், துக்கம், அனான்மா, அசுசி என நோக்குதல். செற்றத்தை அறுப்பதற்கு மைத்திரி, கருணை, முதிதை. மயக்கத்தைக் கடிவதற்குச் சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை. 'சினம் கொள்ளாதே' என்று விலக்குவதோடு அடிகள் நின்றுவிடவில்லை என்பது நோக்கத்தக்கது. சினம் இருந்த இடத்தில் எதனை வளர்க்க வேண்டும் என்றும் அவர் கூறுகின்றார்.

பாவனை என்னும் சொல் இன்றைய தமிழில் பெரும்பாலும் 'போலச் செய்தல்' என்னும் பொருளில் வழங்குகின்றது. பௌத்த நூல்களில் அதன் பொருள் 'உண்டாக்குதல், வளர்த்தல்' என்பதாகும். இல்லாத பண்பை இருப்பதுபோலக் காட்டுவது அன்று. சிறிதளவே உள்ள பண்பைப் பயிற்சியால் பெருக்குவதே பாவனை.

விசுத்திமக்கம் காட்டும் படிமுறை

இப்பயிற்சியை மிக விரிவாக உரைக்கும் நூல், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் பாலி மொழியில் இயற்றிய விசுத்திமக்கம். இவ்வாசிரியருக்குத் தமிழகத் தொடர்பும் உண்டு. அங்குத்தர நிகாயத்துக்கு அவர் எழுதிய உரையின் முடிவுரை, அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைக் குறிப்பிடுகின்றது. விசுத்திமக்கத்தின் 9ஆம் இயல் மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்னும் நான்கு பிரம்ம விகாரங்களையும் விளக்குகின்றது. அன்பு, பிறர் துயர்க்கு இரங்கல், பிறர் ஆக்கம் கண்டு மகிழ்தல், நடுவுநிலை என இவற்றைத் தமிழில் கூறலாம்.

அன்பைப் பெருக்கும் பயிற்சி தன்னிடமிருந்தே தொடங்குகின்றது. தான் இன்பத்தை விரும்புவதுபோலவே பிறரும் விரும்புவர் என்பதற்குத் தன் மனமே சான்றாகின்றது. அடுத்து மதிப்புக்குரிய ஆசிரியர், பின்னர் நெருங்கிய நண்பர், பின்னர் விருப்பும் வெறுப்பும் அற்ற ஒருவர், இறுதியாகப் பகைவர் என அன்பு விரிகின்றது. பகைவரை நினைக்கையில் சினம் எழுமாயின் செய்ய வேண்டியவற்றையும் நூல் வரிசைப்படுத்துகின்றது: அவரிடமுள்ள நல்லொழுக்கம் ஒன்றையேனும் நினைத்தல், அவரவர் வினைக்கு அவரவரே உரியவர் என எண்ணுதல், முற்பிறவிகளில் இவர் நமக்குத் தாயாகவோ உடன்பிறந்தாராகவோ இருந்திருப்பார் எனக் கருதுதல், இயலுமாயின் அவருக்கு ஒரு பொருளைக் கொடுத்தல் என்பன அவற்றுட் சில.

பயிற்சியின் நிறைவை 'எல்லைகளைத் தகர்த்தல்' என்கின்றது நூல். அன்பர், நொதுமலர், பகைவர் ஆகிய மூவருடன் ஒருவர் அமர்ந்திருக்கையில், கொள்ளையர் வந்து பலியிடுவதற்கு ஒருவரைக் கேட்கின்றனர் என்க. பகைவரைக் காட்டினால் எல்லை தகரவில்லை. 'என்னைக் கொள்க' என்றாலும் தகரவில்லை. நால்வரில் எவரையும் கொடுக்க மனம் ஒப்பாத நிலையே அன்பின் நிறைவு.

ஒவ்வொரு பண்புக்கும் சேய்மைப் பகை, அண்மைப் பகை என இரண்டு கூறப்படுவதும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்புக்குச் சேய்மைப் பகை வெறுப்பு. அண்மைப் பகை பற்று. இரக்கத்துக்குச் சேய்மைப் பகை கொடுமை. அண்மைப் பகை தன் இழப்பு பற்றிய துயரம். அண்மைப் பகை பண்பின் தோற்றத்திலேயே வருவதால் எளிதில் அடையாளம் காணப்படுவதில்லை.

நான்காவது எங்கே?

பிரம்ம விகாரங்கள் நான்காக இருக்க, மணிமேகலை மூன்றனையே கூறுவது ஏன்? நான்காவதாகிய உபேட்சை விடுபட்டதற்கு யாப்பு காரணமாகலாம் என எளிதில் சொல்லிவிடலாம். எனினும், இப்பகுதியின் கலைச்சொற்கள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. மெத்தா என்னாது மைத்திரி என்பதும், சுருதி, சிந்தனை, பாவனை என்னும் வரிசையும் வடமொழிப் பௌத்த மரபை நினைவூட்டுகின்றன. அனித்தம் முதலிய பிராகிருத வடிவங்கள் உடன் வருதலின், ஒரே மூலநூலைச் சுட்டுதல் பொருந்தாது. வசுபந்துவின் அபிதர்மகோசம் வைபாடிகர் கொள்கையாகக் கூறும் விளக்கத்தில், மைத்திரியும் கருணையும் செற்றமின்மையின் வடிவங்கள், முதிதை மனமகிழ்ச்சி, உபேட்சையோ பற்றின்மை. இவ்வாறு கொண்டால் செற்றத்துக்கு மருந்து கூறும் இடத்தில் உபேட்சை இடம்பெறாமை இயல்பாகின்றது. இதனை முடிந்த முடிபாக அன்றி, மேலாய்வுக்குரிய கருதுகோளாகவே நாம் முன்வைக்கின்றோம்.

கதையில் வரும் பயிற்சி

அறவண அடிகள் சுருங்கச் சொன்னதை, அதற்கு முன்னரே 23ஆம் காதையாகிய சிறைவிடு காதை நிகழ்த்திக் காட்டியுள்ளது. மகன் உதயகுமரனை இழந்த அரசமாதேவி, அவன் சாவுக்கு மணிமேகலையே காரணம் எனக் கருதிப் பழிவாங்க முனைகின்றாள். பித்தேறச் செய்யும் மருந்து, மானத்தைக் கெடுக்கும் சூழ்ச்சி, உணவின்றி அடைத்து வைத்தல் என அடுத்தடுத்துத் துன்பம் செய்கின்றாள். எல்லாம் பயனற்றுப்போக, நடுங்கி மன்னிப்பு வேண்டுகின்றாள்.

மணிமேகலையின் மறுமொழியை மேற்கூறிய படிமுறையோடு ஒப்பிடுக. அரசி அழுவது மகனின் உடலுக்கா, உயிருக்கா என அவள் வினவுகின்றாள். உயிருக்கு எனின், அவ்வுயிர் சென்று புகுந்த இடம் அறியப்படாதது. ஆகவே அவ்வுயிரிடம் அன்புடையவள் எல்லா உயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என்கின்றாள். ஒரு மகனிடம் கொண்ட அன்பு, பற்றாகிய அண்மைப் பகையிலிருந்து விடுபட்டு எல்லை கடக்கும் இடம் இது. முற்பிறப்பில் இராகுலனாக இருந்தபோது சினத்தால் மடையனைக் கொன்ற வினையே உதயகுமரனை வந்தடைந்தது என அவள் விளக்குவது, வினையை எண்ணிச் சினம் தணியும் முறை. அரசி தன்னை வணங்கியபோது, 'என் கணவனைப் பெற்றவள் நீ' என்னும் கருத்துப்பட அதனை மறுத்துத் தானே அவளை வணங்குவது, பகைவரிடம் முற்பிறவி உறவைக் காணும் முறை. சாத்தனார் விசுத்திமக்கத்தைக் கற்றார் என நாம் கூறவில்லை. காப்பியத்தின் காலம் பற்றியே அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழகமும் ஈழமும் பகிர்ந்துகொண்ட பௌத்தச் சூழலில் இம்முறைகள் பொதுவாக வழங்கியிருக்கலாம் என்பதே நம் கருத்து.

இப்பயிற்சி மனத்தளவில் நிற்பதும் அன்று. அமுதசுரபியால் பசிப்பிணி தீர்ப்பதும் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குவதும் கருணை செயலாக வெளிப்படும் இடங்களாகும்.

முடிவுரை

நன்னெறிகளைப் பெயர்களாக மாணவருக்கு மனப்பாடம் செய்விக்கும் நிலையில், 30ஆம் காதையையும் மற்றொரு பெயர்ப்பட்டியலாக நாம் ஒதுக்கிவிடுதல் தகாது. அன்பு எங்கே தொடங்குகின்றது, எவ்வரிசையில் விரிகின்றது, எதனைத் தானெனக் கருதி ஏமாறுகின்றது என்னும் வினாக்களுக்கு அங்கு விடை உண்டு. சிறைவிடு காதையையும் 30ஆம் காதையையும் அடுத்தடுத்து வைத்துப் பயிற்றினால், கோட்பாடு கதையிலும் கதை கோட்பாட்டிலும் தெளிவுறும். மகனைக் கொன்றவள் எனத் தன்மீது பழி சுமத்தியவளை ஒரு பெண் எவ்வாறு தாயாகக் காண முடிந்தது என்னும் வினாவோடு அப்பாடத்தைத் தொடங்கலாம்.