வென்ற பகை மீண்ட கதை

சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் ஐதராபாத்திலும் குடியேறி வாழும் நமக்குக் கோடை வந்தால் முதற்கவலை தண்ணீரைப் பற்றியதே. குழாயில் நீர் வரும் வேளையில் பீப்பாய், அண்டா, வாளி என அனைத்தையும் நிரப்பி வைக்கிறோம். அந்த நீரில் நோயும் வளரக்கூடும் என்பதை நம் நாடு கற்றுக்கொண்ட வரலாறு நினைவிற் கொள்ளத்தக்கது.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பது பொருள். சதுப்பு நிலத்துக் காற்றே இக்காய்ச்சலைத் தருகிறது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவராயிருந்த ரொனால்டு ராஸ், நோயாளி ஒருவரைக் கடித்த கொசுவை அறுத்துப் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார். அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு சோதனை செய்து, கொசுக்கடியே நோயைப் பரப்புகிறது என்பதை நிலைநாட்டினார்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர். சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. ஊர் ஊராக வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. 1958இல் அதுவே ஒழிப்புத் திட்டமாக விரிந்தது. 1965இல் பதிவான நோயாளிகளின் தொகை சுமார் 1 லட்சமாகக் குறைந்தது.

பகை அழிந்தது என்றே எண்ணினோம். கண்காணிப்புத் தளர்ந்தது, கொசுக்களோ மருந்தைத் தாங்கும் ஆற்றல் பெற்றன. விளைவு, 1976இல் அத்தொகை 64 லட்சத்தைத் தாண்டிற்று.

மற்றொரு கொசுவும் நமக்குப் பாடம் புகட்டியது. 1996இல் தில்லியில் டெங்குக் காய்ச்சல் 10,000 பேருக்கு மேல் தாக்கி, 400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையை நாடாது, வீட்டில் தேங்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடுவது. குளிர்விப்பானின் தொட்டியும் பூந்தொட்டித் தட்டும் அதற்குப் போதும். நீர் வற்றினாலும் அதன் முட்டைகள் பல மாதங்கள் அழியாதிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும்.

கோடை வெப்பத்தில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும். ஆகவே, வாரம் ஒருமுறை கலங்களைக் காலி செய்து, உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, மீண்டும் நிரப்பி இறுக மூடுவோம். காய்ச்சல் கண்டால் தாமதியாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வோம். அண்டை வீட்டாரின் மொழி வேறாயினும், கொசு இரு வீட்டுக்கும் பொதுவே. அவர்களையும் சேர்த்துக்கொண்டு இதைச் செய்வோமாக.